கார் காப்பீட்டில் இழப்பீட்டுத் தொகையும் பழுதுச் செலவும்: தகராறுகளைக் கையாளும் முறை

விபத்துக்குள்ளான காரின் பழுதுச் செலவைப் பற்றி உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையே மூளும் தகராறுகளைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் பல, வெவ்வேறான மூன்று தொகைகளை ஒரே தொகையாக எண்ணிக்கொள்வதிலிருந்து பிறப்பது தெரியவரும். முதலாவது, ஒர்க்‌ஷாப் தயாரிக்கும் எஸ்டிமேட். காரை முழுமையாகச் சீராக்க எந்தப் பாகங்களை மாற்ற வேண்டும், கூலி எவ்வளவு, பெயின்ட் எவ்வளவு என்று அது தன் நோக்கில் கணக்கிடுகிறது. இரண்டாவது, சர்வேயரின் மதிப்பீடு. எஸ்டிமேட்டில் உள்ள சேதங்களில் எவை இந்த விபத்தால் நேர்ந்தவை, எந்தப் பாகத்தை மாற்றியே ஆக வேண்டும், எதைத் தட்டிச் சரிசெய்தால் போதும் என்று வகைப்படுத்தி, அவற்றுக்கு நியாயமான விலை இன்னது என்று அவர் எழுதுகிறார். மூன்றாவது, அந்த மதிப்பீட்டிலிருந்து பாலிசி நிபந்தனைப்படி தேய்மானமும் பிற கழிவுகளும் போக நிறுவனம் உண்மையில் செலுத்தும் தொகை. முதல் தொகைக்கும் மூன்றாம் தொகைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டு அதிர்ச்சியடையும் உரிமையாளர், அந்த வேறுபாடு எந்தப் படியில், எந்த விதியின் பேரில் உண்டானது என்று கேட்பதற்கு முன்பே சினத்துடன் முறையிடத் தொடங்கிவிடுகிறார். ‘தொகை மிகக் குறைவு’ என்று மட்டும் சொல்லும் முறையீடு எந்த மேசையிலும் நிற்பதில்லை. கணக்கின் எந்த வரியில் எவ்வளவு குறைக்கப்பட்டது, அக்குறைப்பு ஏன் பொருந்தாது என்று சுட்டும் முறையீட்டுக்கே பதில் சொல்லும் கட்டாயம் நிறுவனத்துக்கு ஏற்படுகிறது. இவ்வியல் முழுவதும் இந்த ஒரு கருத்தின்மேல் எழுந்துள்ளது.

தொகை குறையும் வழிகள்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டை மட்டுமே. சொந்தக் காரின் சேதத்துக்கான காப்பீடு உரிமையாளர் தாமாக விரும்பிச் சேர்த்துக்கொள்வதாகும். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் சேர்ந்த பாலிசியை ‘ஃபுல் கவர்’ என்கிறார்கள். இச்சொல் பல மனக்கசப்புகளுக்கு வித்தாக அமைந்துவிட்டது. ஏனெனில் அந்தப் பாலிசி பழுதுச் செலவு முழுவதையும் ஏற்பதில்லை. பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும்போது உரிமையாளருக்கு ஒரு கூடுதல் பயன் கிடைத்துவிடுகிறது என்பதால், அந்தப் பயனுக்கு ஈடாக ஒரு பகுதியைக் கழிப்பதே தேய்மானம் எனப்படும் கழிவின் அடிப்படை.

வழக்கமான தனியார் கார் பாலிசியில் இக்கழிவின் விகிதங்கள் வெளிப்படையாகவே அச்சிடப்பட்டுள்ளன. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குக் காரின் வயது எதுவாயினும் 50 சதவீதமும், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதமும் கழிக்கப்படும். கண்ணாடிப் பாகங்களுக்குக் கழிவே இல்லை. உலோகம் உள்ளிட்ட ஏனைய பாகங்களுக்கு வயதைப் பொறுத்துக் கழிவு மாறும்: முதல் ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஓராண்டு வரை 5 சதவீதம், இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்குமேல் 50 சதவீதம். பெயின்ட் வேலையில் கூலிக்குக் கழிவு கிடையாது. பொருளின் விலையில் மட்டும் 50 சதவீதம் கழியும். பில்லில் கூலியும் பொருளும் பிரிக்கப்படாமல் ஒரே தொகையாக இருந்தால், அதில் 25 சதவீதத்தைப் பொருளின் விலையாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த வரியில் பிழை நேர்ந்து, பெயின்ட் செலவு முழுவதிலும் பாதி கழிக்கப்பட்டிருந்தால், அது உடனே கேட்டுத் திருத்திக்கொள்ளத்தக்க பிழையாகும்.

இக்கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆன, 1,500 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட ஒரு காரின் முன்பக்கம் மோதிச் சேதமடைந்ததாகவும், ஜி.எஸ்.டி.யைத் தவிர்த்து உலோகப் பாகங்களுக்கு 40,000 ரூபாய், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 24,000, முன் கண்ணாடிக்கு 9,000, பெயின்டுக்கு 16,000, பிற கூலிக்கு 12,000 என மொத்தம் 1,01,000 ரூபாய் பில் வந்ததாகவும், சர்வேயர் அதை அப்படியே ஏற்றதாகவும் கொள்வோம். உலோகத்தில் 25 சதவீதமான 10,000 ரூபாயும், பிளாஸ்டிக்கில் பாதியான 12,000 ரூபாயும், பெயின்டில் பொருளின் விலையாகக் கொள்ளப்படும் 4,000 ரூபாயில் பாதியான 2,000 ரூபாயும் சேர்ந்து 24,000 ரூபாய் தேய்மானமாகப் போகிறது. ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாய். ஆகவே இங்கு 1,000 ரூபாய் குறையும். கழற்றிய பழைய பாகங்களின் விற்பனை மதிப்பாக 1,500 ரூபாய் கழிக்கப்பட்டால், நிறுவனம் செலுத்த வேண்டியது 74,500 ரூபாய்; உரிமையாளரின் கையிலிருந்து போவது 26,500 ரூபாய். இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் இதே காரை நான்கு ஆண்டு கடந்ததாகத் தவறாகக் கணக்கிட்டு உலோகத்தில் 35 சதவீதம் கழித்திருந்தால், உரிமையாளர் அறியாமலேயே 4,000 ரூபாயை இழந்திருப்பார். காரின் வயதை முதலில் சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

தேய்மானக் கழிவை நீக்கும் கூடுதல் காப்பு, ‘ஜீரோ டெப்’ என்றும் ‘பம்பர் டு பம்பர்’ என்றும் வழங்கப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அக்காப்பு இருந்திருந்தால் நிறுவனம் 98,500 ரூபாய் தர வேண்டியிருக்கும். எனினும் கட்டாயக் கழிவு அப்போதும் நீங்காது. எஞ்சின் ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட்டு போன்ற நுகர்பொருட்களுக்குத் தனிக் காப்பு எடுத்திருந்தாலன்றிப் பணம் கிடைக்காது. பல பாலிசிகளில் ஓராண்டில் எத்தனை முறை இதைப் பயன்படுத்தலாம் என்ற வரம்பும் உண்டு. பெயரை நம்பிப் பொருளை ஊகிப்பது எவ்வளவு இடர் தரும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் பிறப்பித்த ஓர் ஆணையே சான்று. புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்று கூறிய அவ்வாணை, ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் அனைவருக்குமான காப்பு என்ற பொருளில் அச்சொல்லை ஆண்டிருந்தது. சந்தையிலோ அது தேய்மானமில்லாக் காப்பை மட்டும் குறித்தது. நடைமுறைச் சிக்கல்கள் எடுத்துக்காட்டப்பட்டபின் அடுத்த மாதமே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

சிறு சேதங்களுக்குக் கோரிக்கை வைப்பது தேவையா என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். கோரிக்கையில்லாத ஆண்டுகளுக்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரப்படும் தள்ளுபடி, முதலாண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 எனப் படிப்படியாக ஏறி 50 சதவீதத்தில் நிற்கிறது; ஒரே கோரிக்கையால் அது வழக்கமாகச் சுழியத்துக்கு இறங்கிவிடும். பம்பரில் விழுந்த கீறலுக்காக மூவாயிரம் ரூபாய் பெற்று, அடுத்த ஆண்டு பிரீமியத்தில் ஏழாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுவது எவ்வகையிலும் அறிவுடைமை ஆகாது.

சர்வேயரின் மதிப்பீடு

சர்வேயர் என்பவர் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்திடம் உரிமம் பெற்று இழப்பை மதிப்பிடுபவர். மோட்டார் இழப்பு 50,000 ரூபாய் அல்லது அதற்குமேல் இருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கையின் பேரிலேயே தீர்வு செய்ய வேண்டும். அதற்குக் கீழுள்ளவற்றை நிறுவனத்தின் ஊழியரே பார்க்கலாம். சர்வேயருக்கான கட்டணத்தை நிறுவனம் தருகிறது என்பதால் அவர் நிறுவனத்தின் ஆள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் அவர் சட்டப்படி நடுநிலையாக மதிப்பிடக் கடமைப்பட்டவர் என்பதால், அவரைப் பகைவராக எண்ணி விலகி நிற்பதைவிட, அவர் காரைப் பார்வையிடும் நேரத்தில் உடனிருந்து ஒவ்வொரு சேதத்தையும் சுட்டிக்காட்டுவதே பயன் தரும். எஸ்டிமேட்டை ஒர்க்‌ஷாப்பின் ஆலோசகரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குச் சென்றுவிடும் உரிமையாளர், தம் பொருளைப் பற்றிய பேச்சில் தம் குரல் இல்லாமல் செய்துகொள்கிறார்.

சர்வேயருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையில் அடிக்கடி எழும் கேள்வி, ஒரு பாகத்தை மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்பதே. புதுப் பாகத்தைப் பொருத்துவது ஒர்க்‌ஷாப்புக்கு எளிது, வருவாயும் கூடுதல். டிங்கரிங் செய்து சரியாக்குவது நிறுவனத்துக்குச் செலவு குறைவு. இரு தரப்புக்கும் தன் தன் நலன் இருப்பதால், உரிமையாளர் கேட்க வேண்டியது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமே. சப்பிப்போன ஃபென்டரைத் தட்டி எடுத்தால் அது தன் பழைய உருவத்தையும் உறுதியையும் பெறும் என்றால், சர்வேயரின் முடிவு நியாயமானதே. மாற்றம் கேட்டு வாதிடுவது வீண். ஆனால் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஏர்பேக், சேஸிஸின் தாங்கு பகுதிகள் ஆகியவை உயிர்ப் பாதுகாப்போடு பிணைந்தவை. வளைந்த ஒரு கன்ட்ரோல் ஆர்மை நிமிர்த்திப் பொருத்துவதற்கு எந்த உரிமையாளரும் இசையக் கூடாது. இத்தகைய பாகங்களில் மாற்றமே தேவை என்பதற்குத் தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நெறிமுறையை ஒர்க்‌ஷாப்பிடமிருந்து எழுத்தில் பெற்று அளித்தால், அதைத் தள்ளுவது சர்வேயருக்கு எளிதாக இராது.

விலை பற்றிய தகராறு இதனினும் வேறானது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் கூலிக்கும் வெளியிலுள்ள ஒர்க்‌ஷாப்பின் கூலிக்கும் பெரிய இடைவெளி உண்டு. பாலிசியின்படி, காரைப் பழுது பார்த்துக் கொடுப்பதா, பாகங்களை மாற்றிக் கொடுப்பதா, பணமாகத் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கிறது; நிறுவனத்தோடு ஒப்பந்தமில்லாத ஒர்க்‌ஷாப்பில் செலவழித்துவிட்டுப் பின்னர்ப் பணத்தைக் கோரும் உரிமை உரிமையாளருக்கும் உண்டு. ஒப்பந்த ஒர்க்‌ஷாப்பில் நிறுவனம் தன் பங்கை நேரடியாகச் செலுத்திவிடும் முறை ‘கேஷ்லெஸ்’ எனப்படுகிறது. அதில் உரிமையாளரின் பங்கு எவ்வளவு என்பதைக் காரை எடுக்கச் செல்லும் நாளில்தான் பலர் அறிகிறார்கள். அதனால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, ஏற்கப்பட்ட வரிகளையும் ஏற்கப்படாத வரிகளையும் பிரித்துக் காட்டும் ஒப்புதல் தாளை வாங்கிவிடுவது இன்றியமையாதது. கார் பிரிந்து கிடக்கும் நிலையில் நடக்கும் பேரத்தில் உரிமையாளரின் கை எப்போதும் தாழ்ந்தே இருக்கும்.

வெளியில் தெரியாத சேதங்களுக்கென்று ஒரு முறை உண்டு. பம்பரைக் கழற்றியபின் ரேடியேட்டர் தாங்கி வளைந்திருப்பது தெரியவந்தால், ஒர்க்‌ஷாப் துணை எஸ்டிமேட் தயாரித்துச் சர்வேயரை மீண்டும் அழைக்க வேண்டும். அவர் பார்க்கும் முன்பே அப்பாகத்தை மாற்றிவிட்டால், அச்செலவு மறுக்கப்படுவதற்கு உரிமையாளரே வழிவகுத்தவராவார். கழற்றிய பழைய பாகங்கள் யாவும், வேலை முடிந்தபின் நடக்கும் மறுபார்வை வரை பத்திரமாக இருக்க வேண்டும். மாற்றியதாக பில்லில் காட்டப்பட்ட பாகத்தின் பழையது இல்லையென்றால், அது மாற்றப்படவே இல்லை என்று சர்வேயர் எழுத இடமுண்டு.

‘இது பழைய சேதம்’ என்ற குறிப்பு மற்றொரு முட்டுக்கட்டை. பாலிசி காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அப்போது நிறுவனம் காரை ஆய்வுசெய்து படமெடுத்திருக்கும். அந்தப் படங்களில் அச்சேதம் இல்லையென்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். கடைசியாக சர்வீஸ் செய்தபோது எழுதப்பட்ட ஜாப் கார்டிலும் காரின் வெளிப்புற நிலை குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் அதுவும் நல்ல சான்றாகும். மறுபுறம், வெவ்வேறு நாள்களில் விழுந்த நான்கு கீறல்களையும் ஒரே விபத்தில் சேர்த்து எழுதச் சொல்லும் அறிவுரையை உரிமையாளர் ஏற்கவே கூடாது. ஒவ்வொரு நிகழ்வும் தனிக் கோரிக்கையாகும். பொய்யான ஒரு வரி, உண்மையான மூன்று வரிகளையும் கெடுத்துவிடும். இக்காரணத்தாலேயே வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு ஒர்க்‌ஷாப்பிடம் கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, விபத்து நடந்த விதத்தை உரிமையாளரே தம் சொற்களில் எழுத வேண்டும்.

சர்வேயரின் அறிக்கை இறுதித் தீர்ப்பு அன்று. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்திலுள்ள 64யூஎம் பிரிவே, சர்வேயர் மதிப்பிட்ட தொகையிலிருந்து வேறுபட்ட தொகைக்குத் தீர்வு செய்யும் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுவைத்துள்ளது. லாரி ஒன்றின் பழுதுச் செலவு தொடர்பான நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், சர்வேயரின் அறிக்கை தீர்வுக்கு அடிப்படையாக அமையலாம், ஆனால் அதிலிருந்து விலகவே முடியாது என்ற அளவுக்கு அது கட்டுப்படுத்துவதில்லை என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில், தனக்கு ஏற்ற அறிக்கை கிடைக்கும் வரை சர்வேயர்களை ஒருவர்பின் ஒருவராக நிறுவனம் அமர்த்திக்கொண்டே போக முடியாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இடம்பெற்றது. நகலைப் பெறாமல் தொடுக்கப்படும் தகராறு, எதிராளி யாரென்று தெரியாமல் தொடுக்கும் வழக்கைப் போன்றது.

முழு இழப்பு

காரை மீட்டுப் பழுது பார்க்கும் செலவு அதன் ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது முழு இழப்பாகக் கொள்ளப்படும். ஐ.டி.வி. என்பது பாலிசி தொடங்கும்போது காருக்குக் குறிக்கப்படும் மதிப்பு. தயாரிப்பு நிறுவனத்தின் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானம் கழித்து அது கணக்கிடப்படுகிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் என்பது அதற்கான அட்டவணை. ஐந்தாண்டு கடந்த கார்களுக்கு இரு தரப்பும் பேசி முடிவு செய்கின்றன. பிரீமியத்தைச் சில நூறு ரூபாய் குறைப்பதற்காக ஐ.டி.வி.யைத் தாழ்த்திக்கொள்ளும் உரிமையாளர், முழு இழப்பு நேரும் நாளில் பல ஆயிரங்களை இழக்கிறார்; அப்போது செய்யத்தக்கது எதுவும் இல்லை.

இங்கு உரிமையாளர் கட்டாயம் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. முழு இழப்பைத் தீர்க்கும்போது, பாலிசிக் காலம் முழுவதும் ஐ.டி.வி.யே காரின் சந்தை மதிப்பாகக் கொள்ளப்பட வேண்டும் என்றும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்றும் பாலிசியே கூறுகிறது. பாலிசி தொடங்கிப் பத்து மாதம் கடந்துவிட்டது, இந்த மாடலின் சந்தை விலை இறங்கிவிட்டது என்ற காரணங்களால் ஐ.டி.வி.க்குக் குறைவாகத் தர முன்வந்தால், அவ்வரியைச் சுட்டி மறுக்கலாம். கட்டாயக் கழிவும், சிதைந்த காரை உரிமையாளரே வைத்துக்கொண்டால் அதன் விற்பனை மதிப்பும் மட்டுமே குறைக்கத்தக்கவை.

சிதைந்த காரின் மதிப்புத்தான் இவ்வகைக் கோரிக்கையின் மறைவான களம். ஐ.டி.வி. 5,00,000 ரூபாயாக உள்ள காரின் சிதைவுக்கு 2,00,000 ரூபாய் என்று நிறுவனம் மதிப்பிட்டு, எஞ்சிய தொகையை மட்டும் தர முன்வரும்போது, அந்த 2,00,000 ரூபாயைத் தரும் வாங்குநர் யார் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள எவரும் இல்லையென்றால், சிதைவை நிறுவனமே ஏற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும் என்று கோருவதே தக்க வழி. பழுதுச் செலவு 75 சதவீதத்தை ஒட்டி நிற்கும் கார்களில் மற்றொரு நுட்பம் உள்ளது: எஸ்டிமேட்டைச் சற்றுக் குறைத்து, பழுது பார்க்கவே நிறுவனம் வற்புறுத்தலாம். சேஸிஸ் வளைந்த காரைச் சீராக்கிப் பல ஆண்டு ஓட்டுவதில் உரிமையாளருக்கு விருப்பமில்லையென்றால், எஸ்டிமேட்டில் விடுபட்ட பாகங்களைத் தொடக்கத்திலேயே சேர்க்கச் செய்து, துணை எஸ்டிமேட்டுகளோடு கூட்டிப் பார்க்கும்படி கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் பெருந்தொகையாக நீரில் மூழ்கியபின், தமிழ்நாட்டில் மிகுந்த கசப்பை விளைவித்த தகராறு எஞ்சின் பற்றியது. காற்றும் எரிபொருளும் செல்ல வேண்டிய சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் காரை ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் மேலெழும்போது நீர் காற்றைப்போல் அமுங்காது. அந்த எதிர்ப்பால் கனெக்டிங் ராடு வளைகிறது, சில வேளை எஞ்சின் பிளாக்கே பிளக்கிறது. இதை ஹைட்ரோஸ்டேடிக் லாக் என்கிறார்கள். வெள்ளத்தால் நேரும் சேதம் பாலிசியில் பெயர் சொல்லியே ஏற்கப்பட்ட இடர். ஆனால் பின்விளைவாக நேரும் இழப்பும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. நீர் புகுந்தது வெள்ளத்தின் செயல், ராடு வளைந்தது ஸ்டார்ட் செய்தவரின் செயல் என்று நிறுவனங்கள் பிரித்துப் பேசுவது இதன் அடிப்படையில்தான். விபத்துக்கோ கோளாறுக்கோ பின், பழுது பார்க்காமல் ஓட்டியதால் சேதம் பெருகினால் அது உரிமையாளரின் பொறுப்பு என்ற நிபந்தனையும் பாலிசியில் உண்டு.

முடிவு பெரிதும் சான்றைப் பொறுத்தது. நீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆவலை அடக்கி, நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைக் கதவிலும் சுவரிலும் பதிந்த கறையோடு படமெடுத்து, பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்த உரிமையாளரிடம், எஞ்சினில் படிந்த சேறும் ஆயிலில் கலந்த நீரும் வெள்ளத்தின் நேரடி விளைவு என்று காட்டப் போதிய ஆதாரம் இருக்கும். கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைக்கும் எஞ்சின் காப்பு ராடு வளைந்த நிலைக்கும் ஈடு தரக்கூடியது. கடலோர மாவட்டங்களிலும் தாழ்வான பகுதிகளிலும் வசிப்போர் மற்றெந்தக் கூடுதல் காப்பைக் காட்டிலும் இதற்கே முதலிடம் தர வேண்டும். அக்காப்பு இல்லாதவரின் கோரிக்கையை நிறுவனம் முழுவதுமாகத் தள்ளினால் அதுவும் தவறு: சீட், கார்ப்பெட், ஒயரிங், கதவு மோட்டார், சுத்தம் செய்யும் கூலி முதலியவை நேரடி வெள்ளச் சேதமே. எஞ்சின் வரி மறுக்கப்பட்டதால் மனமுடைந்து, இவ்வரிகளையும் கைவிட்டுவிடுபவர்களின் இழப்பு வருந்தத்தக்கது.

நிறுவனம் மறுக்கும்போது

விபத்து நாளில் ஓட்டியவரிடம் உரிய ஓட்டுநர் உரிமம் இல்லாமை, மது அருந்தி ஓட்டியமை ஆகிய காரணங்களால் வரும் மறுப்பை எதிர்த்து வெல்வது கடினம். பிற காரணங்கள் அப்படியல்ல. சொந்தப் பயன்பாட்டுக்கான காரை வாடகைக்கு விட்டது போன்ற மீறல்களில், மீறலுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லாத நிலையில் கோரிக்கையை முழுவதும் தள்ளாமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரும் முறை உண்டு. 2010-இல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. தாமதமாகத் தெரிவித்தது என்ற ஒரே காரணத்தால் உண்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாகத் தள்ளக் கூடாது என்று 2017-இல் ஓம் பிரகாஷ் வழக்கில் அந்நீதிமன்றம் கூறியது. பழைய கார் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மூன்றாம் நபர் காப்பீடு புதிய உரிமையாளருக்குத் தானாக மாறும், சொந்தச் சேதக் காப்பீடு மாறாது. 1996-ஆம் ஆண்டின் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் தீர்ப்பு இதை உறுதிசெய்துள்ளதால், வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

முறையீடு

2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, தகவல் தந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் ஒதுக்கப்பட வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் அறிக்கை பெறப்பட வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இக்காலக்கெடுவைக் கணக்கிட, தகவல் தந்த நாளும் கோரிக்கை எண்ணும் எழுத்தில் இருப்பது அவசியம். முதல் முறையீடு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குச் செல்ல வேண்டும். அது சினத்தைக் காட்டும் கடிதமாக இல்லாமல் வரிகளைக் காட்டும் கடிதமாக இருத்தல் நலம். அதன் மாதிரி ஒன்று பின்வருமாறு அமையலாம்:

“தங்கள் நிறுவனம் அளித்த தொகைக் கணக்கில், முன்பக்க வலது கதவை மாற்றுவதற்குரிய 14,000 ரூபாய் நீக்கப்பட்டு, பழுதுபார்ப்புக் கூலியாக 3,500 ரூபாய் மட்டும் ஏற்கப்பட்டுள்ளது. கதவின் உட்புறத் தாங்குதண்டு வளைந்திருப்பதை இணைப்பிலுள்ள படங்களும் ஒர்க்‌ஷாப்பின் எழுத்துவழிக் கருத்தும் காட்டுகின்றன. இவ்வரியை மறுஆய்வு செய்து தருமாறும், ஏற்க இயலாதெனில் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி ஏற்க இயலவில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும், சர்வேயர் அறிக்கையின் நகலை அனுப்புமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

நிறுவனத்தின் பதில் நிறைவளிக்காவிட்டால், ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற தொலைபேசி எண்ணிலோ புகார் பதியலாம். இது நிறுவனத்தை விரைவாகப் பதிலளிக்கச் செய்யும்; ஆனால் தொகை எவ்வளவு என்று ஆணையம் தீர்ப்பளிப்பதில்லை. தீர்ப்பு வேண்டுவோர் செல்ல வேண்டிய இடம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள், அல்லது முறையிட்டு ஒரு மாதமாகியும் பதில் வராத நிலையில் அதன்பின் ஓராண்டுக்குள், புகார் அளிக்க வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை தொகை வழங்கக் குறைதீர்ப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் புகார்தாரருக்குச் செலுத்த நேரிடும். சில ஆயிரங்கள் முதல் ஓரிரு லட்சம் வரையிலான பழுதுச் செலவுத் தகராறுகளுக்கு இதுவே மிகத் தக்க வழி. ஆயினும் அதே பொருள் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

எஞ்சின் சேதத்தின் காரணம் போன்ற சிக்கலான தொழில்நுட்பக் கேள்விகளுக்கும், நீண்ட அலைக்கழிப்புக்கான இழப்பீட்டுக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் பொருத்தமானது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இழப்பின் அளவைக் கொண்டன்றி, செலுத்திய பிரீமியத்தைக் கொண்டே ஆணையத்தின் எல்லை முடிவாவதால், தனியார் கார் வழக்குகள் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும்; செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. உரிமையாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. சர்வேயரின் மதிப்பீட்டை மறுக்க, வேறொரு தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்வது வழக்கின் முதுகெலும்பாக அமையும். ஒர்க்‌ஷாப்பின் பில் ஒன்றை மட்டும் நம்பி வருவோர் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகின்றனர்.

தகராறு முடியும்வரை குறைந்த தொகையை வாங்கவே கூடாது என்று சிலர் எண்ணுகின்றனர், அது தேவையில்லை. பணத்தைத் தரும்போது, முழுமையான இறுதித் தீர்வாக ஏற்பதாக எழுதப்பட்ட ரசீதில் நிறுவனம் கையெழுத்துக் கேட்கும். 1999-இல் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெறப்பட்ட ரசீது நுகர்வோரின் உரிமையை அழித்துவிடாது என்று கூறியிருந்தாலும், வற்புறுத்தலை மெய்ப்பிக்கும் சுமை கையெழுத்திட்டவர் மீதே விழுகிறது. ஆகவே கையெழுத்தின் மேலேயே ‘எதிர்ப்புடன், பகுதித் தொகையாக மட்டும் பெறப்பட்டது’ என்று எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே அதே சொற்களை மின்னஞ்சலிலும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.